மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நாலு பேர் நடுவில் தும்ம நேர்ந்தால்

வேலை மாற்றலாகியோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ, ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ சமவெளியிலிருந்து நீலகிரிக்கு வந்து இறங்குகிறவர்கள் முதல் சில வாரங்களில் வழக்கத்தைவிட அதிகமாகத் தும்முவார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறிவிடுகிறோம். உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை என்பதால், குளிர்காற்று திடீரென்று வந்து மோதும்போது அந்த வேலை கூடி மூக்கில் நீர் வடிகிறது; சட்டென்று உறுத்தல் கொள்ளும் மூக்காக இருந்தால் தும்மலும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் அலமாரியிலும் கம்பளியிலும் படியும் பூஞ்சை, விறகுப் புகை, பூத்துக் கிடக்கும் சீகை மரங்கள், சுற்றுலாக் கூட்டம் சுமந்து வரும் சளிக்காய்ச்சல் என்று மற்றக் காரணங்களுக்கும் குறைவில்லை.

தும்மியதற்காக இங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பித் தும்மினீர்கள், தும்மிய கையால் அடுத்து எதைத் தொட்டீர்கள் என்பதைக் கட்டாயம் கவனிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் மின்விசிறி சுழலும், சன்னல் திறந்திருக்கும். மலையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி இறங்கும் நாட்களில், வீடு, கடை, பேருந்து, அலுவலகம் எதிலும் ஒரு சன்னல்கூடத் திறந்திருக்காது. தும்மலில் வெளிப்படும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். நுண்துளிகளோ வெதுவெதுப்பான மூச்சுக்காற்றோடு திரளாகக் கிளம்பி 7, 8 மீட்டர் வரை போகக்கூடும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிடியா புருய்பா என்ற ஆய்வாளர் அதிவேகப் படங்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார். மலைப்பாதையில் ஓடும் பேருந்தின் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் இருக்கும்.

வீட்டை விட்டுப் புறப்படும் முன்

முதலில் கைக்குட்டையைக் கவனியுங்கள். ஒன்று போதாது. மூக்குக்கு ஒன்றும், கைகழுவிய பின் துடைத்துக்கொள்ள ஒன்றுமாக இரண்டு, தனித்தனிப் பைகளில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் திணித்தால் சிறிது நேரத்தில் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. மூக்குக்கானதை இடப்பக்கப் பையில் வையுங்கள். வலக்கை சாப்பிடுவதற்கும், பணம் கொடுப்பதற்கும், வணக்கம் சொல்லிக் கைகுலுக்குவதற்கும் தேவைப்படுகிற கை என்பதால் தும்மலோடு அதற்குத் தொடர்பே இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இது அற்பமான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் தும்மல் வரும் அவசரத்தில் எந்தப் பை என்று தேடுகிறவர்தான் கடைசியில் உள்ளங்கையில் தும்முகிறார்.

அடுத்து, எத்தனை கைக்குட்டைகள் என்ற கேள்வி. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டி பக்கம் பிடித்துக்கொண்டால் துவைத்த துணி நாட்கணக்கில் காயாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், பழனி மலையில் கொடைக்கானல் பக்கமும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை அதே வேலையைச் செய்யும். அரைகுறையாகக் காய்ந்து வாடையடிக்கும் கைக்குட்டையே தும்மலை வரவழைக்கும். ஆகவே ஏழெட்டுப் பருத்திக் கைக்குட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்டு ஈரம் போக்கி எடுத்துச் செல்லுங்கள். காகிதக் கைக்குட்டை வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் ‘வெட் டிஷ்யூ’ என்று விற்கப்படும் ஈரத்தாள்களில் பலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருப்பதால், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்திருக்கும் இந்த மாவட்டத்தில் அவற்றைத் தவிர்ப்பதே முறை.

யூகலிப்டஸ் தைலத்தை இரண்டு சொட்டு கைக்குட்டையில் விட்டுக்கொள்வது இங்கே பழைய பழக்கம். தனியாக நடந்துபோகும்போது தாராளமாகச் செய்யலாம். சன்னல் மூடிய பேருந்திலும், வகுப்பறையிலும், அந்த நெடி அடுத்தவருக்குத் தலைவலியையும் தும்மலையும் கொடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கைக்குழந்தையின் மூக்கருகே அதைத் தடவவே கூடாது.

வாடகை வீட்டிலோ விடுதியிலோ இருக்கும் பழைய ரஜாயையும் கம்பளியையும் வெயில் அடிக்கும் நாளில் வெளியே கொண்டுபோய் உதறிக் காயவையுங்கள். பொது நடையில் நின்று உதறினால் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் காலையிலேயே தும்மத் தொடங்குவார்கள்.

தும்மல் கிளம்பும் நொடியில்

மூக்கினுள் அரிப்பு தொடங்கியதிலிருந்து தும்மல் வெளிப்படும் வரை பெரும்பாலும் இரண்டு மூன்று நொடிகள் கிடைக்கும். அதற்குள் பேச்சை நிறுத்திவிடுங்கள். பாதி வாக்கியத்தில் நின்றால் எதிரே இருப்பவர் புரிந்துகொள்வார். கையில் டம்ளர் இருந்தால் கீழே வையுங்கள். தலையை மட்டும் திருப்பாமல், தோளோடு சேர்த்து உடம்பை ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பி, சற்றுக் குனிந்து, கைக்குட்டையை மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும்படி வைத்துத் தும்முங்கள். மூக்கை மட்டும் மூடுகிறவர்கள் பலர். தும்மல் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் பாய்கிறது.

கைக்குட்டை எடுக்க நேரமில்லையென்றால் முழங்கையை மடக்கி அதன் உட்புறத்தில் தும்ம வேண்டும் என்று கொரோனாக் காலத்தில் எல்லாரும் கற்றுக்கொண்டோம். மலையில் அந்த அறிவுரையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமவெளியில் சட்டையை அன்றாடம் துவைப்பார்கள். இங்கே போட்டிருக்கும் ஸ்வெட்டர் வாரக்கணக்கில் தண்ணீரைப் பார்ப்பதில்லை. அதே ஸ்வெட்டரின் முழங்கை மடிப்பில்தான் யாராவது நீட்டும் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொள்கிறோம். ஆகவே எந்தக் கையில் தும்மினீர்களோ அந்தக் கையில் குழந்தையை வாங்காதீர்கள்; வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் கைக்குட்டையை மட்டுமே நம்புவது மேல். சால்வை போர்த்தியிருக்கும் பெண்கள் அதன் தலைப்பில் தும்மிவிட்டு மறுபடியும் தோளில் போட்டுக்கொள்வதையும் அடிக்கடி பார்க்கிறேன். அதுவும் இதே கணக்கில்தான் சேரும். மஃப்ளர் கட்டியிருப்பவர் அதை மூக்குவரை இழுத்து உள்ளேயே தும்மினால் அடுத்தவருக்குத் தொல்லையில்லை. ஆனால் அன்றே துவைக்க வேண்டும்.

முகக்கவசம் அணிந்திருக்கும்போது தும்மல் வந்தால், அதைக் கீழே இழுத்துவிட்டுத் தும்முகிற விசித்திரத்தைப் பலரிடம் காணலாம். கவசத்துக்குள்ளேயே தும்மிவிட்டு, வெளியே போய் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுக் கவசம் ஒன்று பையில் இருக்கட்டும்.

மரியாதை கருதித் தும்மலை அடக்கலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அரிப்பு தொடங்கும்போதே மூக்குக்குக் கீழே மேலுதட்டை விரலால் அழுத்திப் பார்க்கலாம். சிலருக்கு அதிலேயே அடங்கிவிடும். தும்மல் கிளம்பிய பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயையும் மூடி உள்ளே தள்ளுவது ஆபத்தானது. அப்படிச் செய்த 34 வயது ஆண் ஒருவருக்குத் தொண்டையின் உட்சுவர் கிழிந்து, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை இங்கிலாந்து மருத்துவர்கள் 2018ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டத்தில் இருக்கிறோமே என்று இந்தத் துன்பத்தை யாரும் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை ஓரளவுக்கு அது நம் கையில் இருக்கிறது. தும்மலோடு தொண்டையிலிருந்து குரலையும் சேர்த்து எழுப்பும்போதுதான் தகரக் கூரை அதிர்கிறது. குரலைச் சேர்க்காமல், கைக்குட்டைக்குள் குனிந்து தும்மிப் பழகினால் பாதிச் சத்தம் குறையும். வயதான பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் திருத்த முயல வேண்டாம். ஐம்பது ஆண்டாக அந்தத் தும்மலோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒன்றோடு நிற்காமல் அடுக்கடுக்காகத் தும்முகிறவர்கள், இரண்டாவது முடிந்ததும் எழுந்து வெளியே போய் மீதியை முடித்துக்கொண்டு வருவது எல்லாருக்கும் நல்லது. எழுந்து போவதற்கு விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை.

தும்மிய பிறகு

குன்னூர்க் கடைத்தெருவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையின் மாஸ்டரிடம் இதைக் கற்கலாம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் பால் பாத்திரத்தின் மேல் தட்டைக் கவிழ்ப்பார்; பாய்லருக்கு முதுகு காட்டித் திரும்பி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை மூடித் தும்முவார்; அந்தத் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, டிசம்பர் மாதத்துக் குழாய்த் தண்ணீரில், விரல் விறைக்கும் குளிரில், சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வேறொரு துண்டில் துடைத்துக்கொண்டுதான் மறுபடியும் டம்ளரைத் தொடுவார். வரிசையில் நிற்கிற யாரும் அதற்குள் அவசரப்படுத்தமாட்டார்கள்.

குளிர்ந்த தண்ணீரைத் தொடத் தயங்கித்தான் மலையில் பெரும்பாலோர் கைகழுவாமல் விடுகிறார்கள். வெந்நீர் இருந்தால்தான் கிருமி போகும் என்பதில்லை. சோப்பும், விரலிடுக்கு, நகக்கண் வரை 20 நொடி தேய்ப்பதும்தான் முக்கியம். தண்ணீர் கிடைக்காத இடத்தில் சானிடைசர் உதவும். அதுவும் இல்லையென்றால், கழுவும் வரை வலக்கையை நீட்டாதீர்கள். யாராவது கைகுலுக்க வந்தால் இரு கை கூப்பி, “கை சுத்தமா இல்லைங்க, தும்மிட்டேன்” என்று சிரித்தபடி சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் கையைப் பின்னுக்கு இழுத்தால்தான் மனம் புண்படும்.

பயன்படுத்திய காகிதத்தைச் சாலையோரத்திலோ தேயிலைச் செடிகளுக்கிடையிலோ வீசக் கூடாது. மூடியில்லாத குப்பைத்தொட்டியில் போடுவதிலும் சிக்கல் இருக்கிறது. குரங்குகள் ஐந்து நிமிடத்தில் அதைக் கிளறி வீட்டுத் திண்ணை முழுக்கப் பரப்பிவிடும். ஒரு காகித உறையில் மடித்து வைத்திருந்து, மூடியுள்ள தொட்டியைக் கண்டதும் போடுங்கள்.

மூக்குச் சிந்துவது தும்மலைவிட அந்தரங்கமான காரியம். பலர் முன்னால் அதைச் செய்யாமல் கழிவறைக்கோ முற்றத்துக்கோ போய், ஒரு துவாரத்தை மூடி மறு துவாரத்தால் மெதுவாகச் சிந்துங்கள். மலைப்பாதையில் ஏறி வந்து காது அடைத்திருக்கும் நேரத்தில் பலமாகச் சிந்தினால் காதுக்குள் வலி எடுக்கும்.

பேருந்தும் மலை ரயிலும்

பேருந்தில் தும்மல் வந்தால் சன்னலைத் திறந்து வெளியே தும்முவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். ஓடும் வண்டியில் அது நேராகப் பின் சன்னலுக்குத்தான் வரும். வாந்தி வருமோ என்று பயந்து காற்றுக்காக அங்கே யாராவது முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். முன்னிருக்கையின் முதுகுக்குக் கீழே குனிந்து, மடியை நோக்கி, கைக்குட்டைக்குள் தும்முங்கள். அதன் பிறகு கண்ணாடியை ஒரு விரற்கடை அளவு நகர்த்தி வைக்கலாமா என்று பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள். “அண்ணா, கொஞ்ச நேரம் கண்ணாடியைத் திறந்துக்கட்டுங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள், கேட்காமல் திறந்தால் அந்தக் குளிருக்கு முழுப் பேருந்தும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அவர் திருப்பிக்கொண்டிருக்கும்போது பிடரியில் யாரோ தும்மினால் ஒரு கணம் அவர் கவனம் சிதறும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரும் மலை ரயிலில் வேறொரு சங்கதி இருக்கிறது. இருட்டிலிருந்து சட்டென்று வெயிலுக்கு வந்தால் தும்முகிற இயல்பு நாலைந்து பேருக்கு ஒருவரிடம் உண்டு. அது பரம்பரையாகவும் வரும், நோயுமல்ல. இந்தப் பாதையில் 16 சுரங்கங்கள் இருப்பதால், அந்த இயல்புள்ளவர் ஒவ்வொரு சுரங்கம் முடியும்போதும் தும்மக்கூடும். பெட்டியில் இருக்கைகள் எதிரெதிரே முழங்கால் தட்டும்படி இருக்கும். உங்களுக்கு அந்த இயல்பு உண்டென்று தெரிந்தால், “வெளிச்சம் பட்டா எனக்குத் தும்மல் வருமுங்க, சளியெல்லாம் இல்லை” என்று எதிரே இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இதற்கு நன்றாகவே உதவும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில தூக்கத்தை வரவழைப்பவை. தும்மலை நிறுத்திக்கொண்டு நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவற்றைப் போட்டுக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் இறங்குவதைவிட, ஓரமாக வண்டியை நிறுத்தி நன்றாகத் தும்மிவிட்டுப் போகலாம்.

சாப்பாடு இருக்கும் இடங்களில்

கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு தும்மல் வருவதுதான் புதியவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. வலக்கையில் சோறு இருக்கும். இரு பக்கமும் ஆள் இருக்கும். முன்னால் பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு நடந்துகொண்டிருப்பார்கள். மிஞ்சுவது பின்பக்கம்தான். இடக்கையால் கைக்குட்டையை எடுத்து, இடத்தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பித் தும்முங்கள். பின்வரிசை முதுகுக்கு முதுகு ஒட்டிப் போடப்பட்டிருந்தால் அதுவும் முடியாது. அப்போது நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, மேசைக்குக் கீழே மடியை நோக்கிக் குனிந்துகொள்ள வேண்டும். சோறு படிந்த கையால் முகத்தை மூடுவதும், எழுந்து நின்று இலைகளுக்கு மேலாகத் தும்முவதும் இரண்டு கேடுகள். இலையில் ஏதாவது பட்டுவிட்டதென்று தோன்றினால் சத்தமில்லாமல் அதை மடித்துவிட்டு வேறு இலை கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பரிமாறுகிறவர்கள் இதைப் பார்க்காதவர்கள் அல்லர்.

பேக்கரிகளிலும் தேநீர்க்கடைகளிலும் வர்க்கியும் பன்னும் பெரும்பாலும் உங்கள் முகத்துக்கு நேராக, கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில் திறந்தபடி இருக்கும். தும்மல் வந்தால் கடைக்கு வெளியே இரண்டடி நகர்ந்துவிடுங்கள். வீட்டில் மிளகாய் தாளிக்கும் நெடிக்குத் தும்முவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, வீட்டுக்காரம்மாவே தும்மிக்கொண்டிருப்பார். விருந்தாளி முற்றத்துக்குப் போய் நின்றால் போதும். மூக்குப்பொடி போடும் பழக்கமுள்ள பெரியவர்கள் திண்ணையில் போட்டு, திண்ணையிலேயே தும்மி முடித்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் நுண்தூசியும் இலை நாரும் மிதந்துகொண்டே இருக்கும். உள்ளே போன சில நிமிடங்களில் மூக்கு அரிக்கும். அங்கே பரப்பி வைத்திருப்பது யாரோ குடிக்கப்போகிற தேநீர். முகக்கவசம் அணிந்து செல்லுங்கள், அரிப்பு தொடங்கியதும் கதவை நோக்கி நடந்துவிடுங்கள்.

என்ன சொல்வது

தும்மியவர் ஒரு தும்மலுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. யார் மீதாவது பட்டிருந்தாலோ, பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு தடைப்பட்டிருந்தாலோ, “ஸாரிங்க” என்று ஒரு முறை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொல்லும்போது அதற்குப் பதில் சொல்வதே மற்றவர்களுக்கு வேலையாகிவிடும். பெரியவர்கள் தும்மியதும் தங்களுக்குள்ளேயே “முருகா”, “சிவசிவா” என்று சொல்லிக்கொள்வார்கள். அதற்கு மறுமொழி தேவையில்லை.

கேட்டவர் வாழ்த்துவது நம்மிடையே மிகப் பழைய வழக்கம். காதலி தன்னை ‘நீடு வாழ்க’ என்று வாழ்த்துவாள் என்று தெரிந்தே, ஊடல் நேரத்தில் காதலன் தும்மியதாகத் திருக்குறளின் 1312ஆம் குறள் சொல்கிறது. இன்று குழந்தை தும்மினால் பாட்டிமார் “நூறு வயசு” என்பார்கள். தொடர்ந்து தும்மினால் இருநூறு, முந்நூறு என்று ஏறிக்கொண்டே போகும். இந்த வாழ்த்து மூத்தவர் இளையவருக்குச் சொல்வது. ஆகவே உங்களைவிட வயதில் மூத்தவர் தும்மும்போது “நூறு வயசு” என்று சொல்லிவிடாதீர்கள், எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது கணக்குப் போட்டுக் காட்டுவது போலாகிவிடும். “தண்ணி கொண்டு வரட்டுங்களா, ஐயா?” என்பதே பொருத்தம்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆங்கில வழி விடுதிப் பள்ளிகள் நிறைய இருப்பதால், பிள்ளைகளும் ஆசிரியர்களும் “பிளஸ் யூ” என்பார்கள். “தேங்க் யூ” என்று சொல்லிவிட்டு மேலே பேச வேண்டியதுதான். முஸ்லிம் நண்பர்கள் தும்மினால் முதலில் அவரே “அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனைப் புகழ்வார். அதைக் கேட்ட முஸ்லிம்கள் “யர்ஹமுகல்லாஹ்” என்று அவருக்கு இறையருள் வேண்டுவார்கள். அவர் அதற்கும் ஒரு பிரார்த்தனையால் பதில் சொல்வார். இந்த மூன்றும் முடியும் வரை நடுவில் பேச்சைத் தொடங்காமல் இருந்தால் போதும்.

தும்முகிறவரைப் பார்த்து, “என்ன, கொரோனாவா?” என்று கேலி செய்வது இன்னும் ஓயவில்லை. அது நகைச்சுவையாக இருந்த காலம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. நீங்கள் தும்மினால் ஊர்க்காரர்கள் குல்லா போடச் சொல்வார்கள், மிளகுக் கஷாயமோ சுக்குக் காபியோ குடிக்கச் சொல்வார்கள். ஒவ்வாமைதான், கஷாயத்தால் போகாது என்று அவர்களோடு வாதிடாமல் குடித்துவிடுங்கள்; தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும்.

சகுனம் பார்ப்பவர்கள் முன்னிலையில்

ஒருவர் நல்ல காரியத்துக்காக வாசற்படி தாண்டும்போது ஒற்றைத் தும்மல் போட்டால் அபசகுனம் என்றும், இரட்டைத் தும்மலானால் தோஷமில்லை என்றும் நினைக்கும் வீடுகள் மலையிலும் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பெண் பார்க்கவோ நிச்சயதார்த்தத்துக்கோ தட்டோடு கிளம்பி நிற்கும் குடும்பத்தின் நடுவே நின்று, மூக்கின் நரம்பியலை விளக்குவது பண்பாகாது. அவர்கள் கிளம்பும் நேரத்தில் மூக்கு அரித்தால் பின்கட்டுக்குப் போய்விடுங்கள். அதற்குள் தும்மிவிட்டால், “கொஞ்சம் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க, அத்தை” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் மனக்குறை தீர்ந்துவிடும். உங்களைக் குறித்து யாராவது முணுமுணுத்தாலும் பதில் பேச வேண்டாம்.

பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில்

படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கு அழைப்பின் பேரில் போகிறவர்கள், இளையவர்கள் பெரியவர் முன்னால் தலை தாழ்த்துவதையும் பெரியவர் தலையில் கைவைத்து வாழ்த்துவதையும் காண்பார்கள். உங்களுக்கும் அந்த வாழ்த்து கிடைக்கலாம். அவர் முகம் உங்கள் தலைக்கு மேலே ஒரு முழத்துக்குள் இருக்கும் என்பதால், மூக்கு அரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முன்னால் போய் நிற்காமல், தும்மி முடித்துக் கைகழுவிய பின் போய்த் தலை தாழ்த்துங்கள். தாமதத்தை யாரும் குறையாக நினைப்பதில்லை.

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதில் மட்டும் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. தும்மலாலும் இருமலாலும் பரவுகிற கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான தடுப்பூசி குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில்தான் போடப்படுகிறது. தடுப்பூசித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இயங்கிவருவதால் மலைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பரிச்சயம் அதிகம். உங்களுக்குச் சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே தொலைபேசியில், “அக்கா, ரெண்டு நாளா சளி, தும்மலா இருக்கு. கொழந்தை இருக்கற வீட்டுக்கு இப்ப வரலை, அடுத்த வாரம் வர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். வராததைவிட, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்பதுதான் அந்த வீட்டாரைச் சங்கடப்படுத்தும். வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்ப அவர்களால் முடியாது.

கண் அரிப்போடு, காய்ச்சலோ உடம்பு வலியோ இல்லாமல், தெளிந்த நீராக மூக்கு வடிந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை; பிறருக்குத் தொற்றாது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்காரலாம். ஆனாலும் மேலே சொன்ன முறைகள் அப்படியே பொருந்தும். உங்கள் தும்மல் எந்த வகை என்று எதிரே இருப்பவருக்கு எழுதியா ஒட்டியிருக்கிறது?

அடுத்தவர் உங்கள் மீது தும்மிவிட்டால்

முகத்தில் பட்டால் உடனே பேசாமல், வாயைத் திறக்காமல், உங்கள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு எழுந்துபோய் முகத்தையும் கையையும் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். அவர் பார்க்கும்படி முகம் சுளிப்பதும், எல்லார் முன்னாலும் சட்டையை உதறிக் காட்டுவதும் அழகல்ல. அதே ஆள் மூடாமல் மறுபடியும் மறுபடியும் தும்மினால், பயன்படுத்தாத காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டி, “இந்தாங்க, வெச்சுக்கங்க” என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. குழந்தையாக இருந்தால் தாயிடம் புகார் சொல்லாமல், முழங்கையை மடக்கி எப்படித் தும்முவதென்று விளையாட்டாகச் செய்து காட்டுங்கள். மேலதிகாரியாகவோ மாமனாராகவோ இருந்தால், சன்னலைத் திறக்கும் சாக்கில் எழுந்துபோய், திரும்பி வரும்போது வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.